நாலாம் தூக்கம்

ரேஷன் கடை மெஷின் சுசித்ராவின் கட்டைவிரலை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது.

கார்டு அவளுடையது இல்லை. அதில் இருந்த பெயர் கண்ணம்மாள். சுசித்ராவின் ரேகை கோலாரில் பதிவானது, சுசித்ரா என்ற பெயரில் இருப்பது. தமிழ்நாட்டு எல்லையை வாழ்க்கையில் முதல்முறையாகத் தாண்டி வந்து அவளுக்கு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வேலை கொடுத்த வீட்டு அன்பரசி காலையில் அந்தக் கார்டைக் கையில் திணித்து, "போயி அரிசி வாங்கியாந்துடும்மா. கடையில வீரமணி நம்ம சொந்தக்காரன்தான். அவனே ஏதாச்சும் பண்ணிக் குடுத்துடுவான்" என்று அனுப்பியிருந்தாள்.

வீரமணி ஒன்றும் பண்ணவில்லை. மெஷினை அவள் பக்கம் திருப்பி, "வைங்க" என்றான். சுசித்ரா தயங்கினாள். பின்னால் வரிசை நின்றது. சாக்கு வாசனையும் பழைய அரிசியின் வண்டு வாசனையும் கலந்து வீசிய அந்தச் சின்ன அறையில் எல்லோரும் அவள் விரலையே பார்ப்பதுபோல் இருந்தது. சிவப்பு விளக்குதான் எரியும், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகலாம் என்று நினைத்து விரலை வைத்தாள்.

பச்சை எரிந்தது. சீட்டு அடித்து வெளியே வந்தது. கண்ணம்மாள். கனிமொழி. நபர்கள் இரண்டு.

வீரமணி ஆச்சரியப்படவில்லை. சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு அரிசி அளக்கப் போனான். பின்னால் நின்ற பெண் இவள் தோளைத் தொட்டு, "கண்ணம்மா, பைய கொஞ்சம் ஓரமா வெச்சுக்க" என்றாள். சுசித்ரா பையை ஓரமாக வைத்தாள். வைத்த பிறகுதான் அந்தப் பெயருக்குத் தான் நகர்ந்தது உறைத்தது.

வழியில் நின்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாளுக்கு நாலு முறை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கையைக் கழுவுவதில் கட்டைவிரல் நுனியில் தோல் வெளுத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. மெஷின் தப்பாகப் படித்திருக்கும். மெஷின்தானே, அதுவும் கெட்டுப்போகிற ஜாதிதான். பையில் குழந்தைக்குச் சோறு கனத்தது. அவள் நடந்தாள்.

*

கோலாரில் அவள் புருஷன் குமார் தக்காளி வண்டி ஓட்டினான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை அந்த வண்டியோடு போய்ச் சேர்ந்தான். அவன் அண்ணன் ஒன்றரை வருஷம் பொறுத்துவிட்டு, மகனுக்குக் கல்யாணம், வீட்டில் இடம் வேண்டும் என்றான். நியாயமாகத்தான் சொன்னான், அதுதான் இவளுக்கு இன்னும் வலித்தது. பிறந்த வீடு என்று ஒன்று அவளுக்கு இல்லை. 'எங்க தாத்தா கடத்தூர் பக்கம்' என்று குமார் எப்போதோ சொன்னது மட்டும் இருந்தது. அந்த ஒரு ஊர்ப் பெயரை நம்பி ரெண்டு பை, ஏழு வயது மகள் கவிப்பிரியா, அவளுடைய பள்ளிச் சான்றிதழ் இவற்றோடு பஸ் ஏறினாள். வேலையும் பேசிவைக்கவில்லை, வீடும் பார்த்துவைக்கவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். அங்கேயே இருந்திருந்தாலும் பைத்தியம்தான் பிடித்திருக்கும்.

கடத்தூரில் அன்று பகல் முழுக்க நடந்தாள். துணிக்கடையில் கேட்டாள், ஓட்டலில் கேட்டாள், 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய இரண்டு வீட்டில் கேட்டாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்தார்கள்.

"யாரு வூட்டாளுங்க நீங்க?"

குமாரின் தாத்தா பெயர்கூட அவளுக்குத் தெரியாது. நாலு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். பின் சீட்டில் ஈரத்துணி போர்த்திய தட்டுகள் கட்டியிருந்தன. பெயர் மாது, புங்கனள்ளியில் பட்டுப்புழு வளர்க்கிறவர் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

"புழு வேல தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. கத்துக்குவேன். வேலையும் சொல்லி வைக்கல, வீடும் பார்த்து வைக்கல, அப்படியே கிளம்பிட்டேன்."

"யாரு வூட்டாளு?"

அவள் தலை குனிந்தாள். மாது அவளையும் குழந்தையையும் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லியா?" என்றார். "பரவால்ல. அதுவும் நல்லதுதான்."

அந்த நேரத்தில் அது கருணையாகத்தான் கேட்டது.

மல்பெரித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் ஹாலோபிளாக் கல்லில் நீளமாக ஒரு புழு மனை, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. மனையை ஒட்டி ஒரு அறை, உள்தாழ்ப்பாளோடு. வாடகை வேண்டாம் என்றார்கள். சுசித்ரா பைகளை இறக்கிவைத்து அந்தத் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். கதவு தன் பக்கமிருந்து சாத்திக்கொண்டது. அதற்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மனை வாசலில் மாதுவின் மனைவி அன்பரசி அவளைத் தடுத்து நிறுத்தினாள். ஒடிசலான, அதிராமல் பேசுகிற பெண்.

"வெளியாளு உள்ள கால் வெக்கக் கூடாதும்மா. புழு எல எடுக்காது. இந்த மனையில அது ஒரு வழக்கம்."

"அப்ப நான் எப்படிக்கா வேலை செய்யறது?"

"உள்ளாற வந்தா நீ கண்ணம்மா. அது எங்க நாத்தனா பேரு. அவ இங்கியே பொறந்து இந்த மனையிலயே வேல செஞ்சவ, புழுவுக்கு அந்தப் பேரு பழக்கம். நான் கூப்புட்டா ஏன்னு கேளு. அவ்ளோதான்."

சுசித்ராவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கூரைக்கும் சோற்றுக்கும் இவர்கள் கேட்கிற விலை இவ்வளவுதானா? பெயர்தானே.

"கண்ணம்மா" என்றாள் அன்பரசி.

"ஏங்க" என்றாள் சுசித்ரா.

பிளீச்சிங் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கால் நனைத்து உள்ளே போனாள். இருட்டு. பச்சை இலை வாசனை, சுண்ணாம்பு நெடி, அடியில் இனிப்பாக ஏதோ ஊறிக் கெட்டதுபோல ஒன்று. இரும்பு அடுக்குகளில் வரிசை வரிசையாகப் புழுப் படுக்கைகள். எங்கும் மெல்லிய மழைச் சத்தம், ஓடு நனையாத மழை, இலைமேல் விழுகிற தூறல் மாதிரி, நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

"அம்மா, மளெ!" என்று வெளியிலிருந்து கவிப்பிரியா கத்தினாள். பள்ளியில் படித்த கன்னடம்தான் அவளுக்கு முதலில் வாயில் வரும். "மளெ பர்த்தாயிதே!"

"மழ இல்ல பாப்பா" என்றாள் அன்பரசி. "புழு எல தின்னுற சத்தம்."

*

நாலாம் நாள் அந்த மழை நின்றது. மூன்றாம் தூக்கம் என்றாள் அன்பரசி. புழு நாலு தரம் தூங்கி நாலு தரம் தோலுரிக்கும், முதல் இரண்டும் வாங்குகிற இடத்திலேயே முடிந்துவிடும், மூன்றாவதும் நாலாவதும் நம் மனையில். தூங்குகிற புழு படுத்துக்கொள்ளாது என்பது சுசித்ராவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆயிரமாயிரம் புழுக்கள் முன்னுடம்பைத் தூக்கி, தலையை மேலே நிமிர்த்தி, அசையாமல் நின்றன. எல்லாம் எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது. அன்பரசி மெல்லிய துணி மூட்டையில் சுண்ணாம்புத்தூளைக் கட்டி, தட்டித் தட்டி அவற்றின்மேல் தூவினாள்.

"இப்ப சத்தம் போடக் கூடாது. எழுந்திரிக்கிறப்ப பழைய தோலு அங்கியே கெடக்கும். புதுப் புழு வெளிய வரும்."

"கவியும் ஒரு தடவை பார்க்கட்டுமாக்கா? கேட்டுக்கிட்டே இருக்கா."

"கொழந்த வெளியவே இருக்கட்டும். அவளுக்கு இன்னும் பேரு வெக்கல."

"அவ பேரு கவிப்பிரியாங்க."

"அது வெளிப் பேரும்மா" என்றாள் அன்பரசி, தூவிக்கொண்டே.

ரேஷன் கடைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் சுசித்ராவின் போன் அவள் விரலுக்குத் திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், வேறு விரலை வைத்தாள். கடைசியில் எண்ணைப் போட்டுத்தான் திறந்தாள். திரையில் குமாரும் அவளும் கவியும் கோலார் தசராப் பொருட்காட்சியில் நிற்கிற படம். குமாரின் முகம் அப்படியே இருந்தது. தன் முகத்தை அவள் கொஞ்சம் அதிக நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

அரிசியைக் கொடுக்க மாதுவின் பெரிய வீட்டுக்குள் போனபோது கூடத்துச் சுவரில் ஒரு ஸ்டுடியோ படத்தைக் கவனித்தாள். நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் பாவாடை சட்டையில் எட்டு வயதுச் சிறுமி. பெண்ணின் முகத்தில் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை பூத்து மறைந்திருந்தது. சிறுமியின் முகம் தெளிவாக இருந்தது. இடது புருவத்தை நடுவில் வெட்டிய ஒரு பழைய காயம், அங்கே மயிர் முளைக்காமல் ஒரு கோடு.

"கண்ணம்மாளும் அவ பொண்ணு கனிமொழியும்" என்றார் மாது பின்னால் வந்து. "புருசன் செத்தப்பறம் இங்கதான் இருந்தாங்க."

"இப்ப எங்கண்ணா இருக்காங்க?"

"வேற ஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க."

"எந்த ஸ்டேட்டுங்க?"

மாது வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு யோசித்தார். "வேல தேடிப் போனாங்க. வேலயும் சொல்லி வெக்கல, வூடும் பாத்து வெக்கல. அப்பிடியே கெளம்பிட்டாங்க."

அது இவளுடைய கதை. இவளே அவரிடம் டீக்கடையில் சொன்ன அதே வார்த்தைகள்.

"எங்கியாச்சும் இருப்பாங்க" என்றார் அவர். "அவங்க எடத்துக்குத்தான் ஆளு வந்தாச்சே."

சுசித்ரா வெளியே வந்தாள். அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கவிப்பிரியா தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. போன வாரம் வரை ஒந்து, எரடு, மூரு. பிழைக்க வந்த இடத்தில் குழந்தை சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறதே என்று ரெண்டு நாளாகப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை.

"கவி, கன்னடத்துல எண்ணு பார்க்கலாம்."

குழந்தை அண்ணாந்து பார்த்தாள். "எதுக்கு?" என்றாள்.

*

எட்டாம் நாள் மத்தியானம். மூன்றாம் தூக்கத்திலிருந்து எழுந்த புழுக்கள் விரல் நீளத்துக்கு வளர்ந்து, சத்தம் தூறலிலிருந்து பெருமழையாகியிருந்தது. அந்த இரைச்சலுக்குள் வேலை செய்வது சுசித்ராவுக்கு இப்போது பிடித்திருந்தது. உள்ளே இருக்கும்வரை எதுவும் ஞாபகம் வருவதில்லை. கை தானாக இலை பரப்பியது, எந்த அடுக்கு முதலில், எங்கே காற்று வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்தது. "அண்ணி, அந்த எலக்கட்ட இப்பிடி எடுங்க" என்று அன்பரசியிடம் சொன்னாள். அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்போது மாறியதென்று அவளுக்கே தெரியவில்லை. அன்பரசி கட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அப்போது வாசலில் கவிப்பிரியா வந்து நின்றாள்.

"அம்மா!"

மழை நின்றது.

சட்டென்று. ஒரே நேரத்தில். இருபது அடுக்கிலும் ஒரு புழுகூட மெல்லவில்லை. அந்த அமைதியில் சுசித்ராவுக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது.

"பதில் சொல்லாத" என்றாள் அன்பரசி, திரும்பாமல்.

"குழந்தை கூப்பிடுதுங்க..."

"வெளியாளு கொரலு அது. நீ ஏன்னு கேட்டா அத்தனையும் செத்துடும். வருச சோறு இது."

"அம்மா! அம்மா, வா!"

வாசல் வெளிச்சத்தில் சின்னதாக நின்றது குழந்தையின் உருவம். ஒரு வார்த்தை, 'என்ன கண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புழு செத்தால் வேலை போகும், அறை போகும், மறுபடி ரெண்டு பை, மறுபடி 'யாரு வூட்டாளு'. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குழந்தை இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு கால்சத்தம் போய்விட்டது. ஒரு மூலையில் ஒரு புழு மெல்லத் தொடங்கியது, பக்கத்தில் இன்னொன்று. மழை மெதுவாகத் திரும்பியது.

சாயங்காலம் சுசித்ரா மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பாவி, பெற்ற பிள்ளை கூப்பிட்டும் பேசாமல் நின்றவள். "எதுக்குடா கண்ணு கூப்பிட்டே?"

"சும்மாதான்." கவிப்பிரியா அவள் தாலியில்லாத கழுத்தை விரலால் தடவினாள். "அத்த சொன்னாங்க, எனக்கும் பேரு வெச்சா உள்ளாற வரலாமாம். உன்கூடவே இருக்கலாமாம்."

"யாரு அத்தை?"

"அன்பரசி அத்த."

"வேணாம். உனக்கு வேற பேரு வேணாம். கேட்குதா?" தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

குழந்தை அழவில்லை. "நீ மட்டும் வெச்சுக்கின" என்றாள். "பேருதானே."

*

பத்தாம் நாள் காலையில் அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். குழந்தையைப் பள்ளியில் முறையாகச் சேர்த்துவிட வேண்டும், கவிப்பிரியா, தாய் சுசித்ரா என்று எழுத்தில் பதிந்துவிட வேண்டும். காகிதத்தில் ஏறிவிட்டால் யாரும் மாற்ற முடியாது. பள்ளியில் டீச்சர், அம்மாவின் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார், அதுவரை பாப்பா வகுப்பில் உட்காரட்டும் என்றார். அன்று மனையில் நாலாம் தூக்கம் தொடங்கியிருந்தது. இலை போடுகிற வேலை கிடையாது. கவியை வகுப்பில் விட்டு, அவள் டீச்சர் பக்கத்தில் உட்காரும்வரை பார்த்துவிட்டு, சுசித்ரா கடத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

சேவை மையத்தில் இருந்த பெண் சின்ன வயசு, சிரித்த முகம். கார்டை வாங்கி எண்ணைத் தட்டிவிட்டு விரலை வைக்கச் சொன்னாள். வரவில்லை. பத்து விரலும் வரவில்லை.

"ரேகை அழிஞ்சிருக்குங்கக்கா. சுண்ணாம்பு, பிளீச்சிங்ல வேல செய்யிறீங்களா? இப்பிடித்தான் ஆவும்."

சுசித்ராவுக்கு உயிர் வந்தது. இதுதான் காரணம், இவ்வளவுதான். சிரிக்கக்கூடச் செய்தாள்.

"கண்ணுல எடுத்துடலாம். கண்ணு மாறாது. இதுல பாருங்க."

பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். அந்தப் பெண் மறுபடி பார்க்கச் சொன்னாள். மூன்றாம் முறை கருவியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். பிறகு கார்டைக் கையில் எடுத்து அதிலிருந்த படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. ஆனால் குரலில் மரியாதை குறையவில்லை.

"ஒங்க கார்ட எடுத்துக்கினு வாங்கக்கா" என்றாள்.

தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. சுவரோரமாக நின்று கட்டைவிரலைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டிருந்த தோலை மறு கையால் மெதுவாக இழுத்தாள். வலிக்கவில்லை. அது ஒரே சுருளாக, நுனியிலிருந்து முதல் கணுவரை, கிழியாமல் உரிந்து வந்தது. ரேகைகளோடு. அடியில் புது விரல் இருந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, வேறு கோடுகளோடு.

இன்றைக்கே போய்விட வேண்டும். எந்த பஸ்ஸாவது. எந்த ஊராவது. கோலாரில் மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு ஓடினாள்.

டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். "அவங்க அத்த மதியமே வந்து கூட்டிக்கினு போயிட்டாங்களே."

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"கனிமொழின்னு கூப்புட்டாங்க, பாப்பா எழுந்து ஓடிச்சிங்க. வூட்டுல கூப்புடுற பேருன்னு நெனச்சோம்." டீச்சர் குழம்பிப்போய் இவளைப் பார்த்தார். "நீங்க கண்ணம்மாதானே?"

*

மல்பெரித் தோட்டத்தில் காற்று இல்லை. நாலு மணி வெயில். பெரிய வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அவளுடைய அறையும் திறந்து கிடந்தது. தரையில் புளியங்கொட்டைகள் வரிசையாக இருந்தன.

"கவி!"

தோட்டத்தில் எதுவும் அசையவில்லை.

மனை வாசலில் மாது உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். காலடியில் பிளீச்சிங் தொட்டி. தொட்டிக்கு வெளியே ரெண்டு சின்னச் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

அவள் தொட்டியை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இருட்டு. கறுப்புத் துணியின் ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக வெயில். சத்தமே இல்லை. சுண்ணாம்பு வாசனை மூக்கை அடைத்தது. இரண்டு பக்கமும் அடுக்குகள். எல்லாப் படுக்கையிலும் எல்லாப் புழுவும் தலையைத் தூக்கி நின்றன. வெள்ளையாக. அசையாமல்.

கடைசி அடுக்குக்கு அருகில் அன்பரசி. கையில் துணி மூட்டை. தட்டினாள். தூள் இறங்கியது. மறுபடி தட்டினாள்.

அவள் முன்னால் கவிப்பிரியா நின்றாள்.

கோலார் பள்ளிச் சீருடை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூள். இமையில், உதட்டில், காது மடலில். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. முகத்தை மேலே நிமிர்த்தியிருந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள் சுசித்ரா. தெரியவில்லை.

"சத்தம் போடாத" என்றாள் அன்பரசி மெதுவாக. "தூங்குறா."

"கவி."

அசைவில்லை.

"கவிப்பிரியா. அம்மா வந்திருக்கேன். வா, போகலாம்."

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தோளைத் தொட்டாள். தோள் சில்லென்று, சட்டைக்கு அடியில் சற்றே வழுக்கியது. கையை எடுத்துவிட்டாள். தூளில் அவள் கட்டைவிரல் பதிந்திருந்தது.

"கண்ணு. என் தங்கம். கவிம்மா."

குழந்தை அண்ணாந்தபடி நின்றாள். ஒரு தடவை திரும்பினால் போதும். ஒரு தடவை இந்த முகத்தைப் பார்த்தால் போதும். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

"அந்தப் பேருக்கு அவ எழுந்திரிக்க மாட்டா" என்றாள் அன்பரசி. மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "அன்னிக்கு அவ கூப்புட்டப்ப நீ ஏன்னு கேக்கல. இப்ப நீதான் கூப்புடணும். பெத்தவ கூப்புட்டாத்தான் முழுசா ஆவும்."

மாட்டேன். சுசித்ரா தலையை ஆட்டினாள். மாட்டேன். கவியின் கண்ணைப் பார்த்தாள். திறந்த கண்மேல் தூள் படிந்திருந்தது. உறுத்துமே. இமைக்காமல் இருக்கிறதே என் பிள்ளை. நின்றபடியே செத்துவிடுமா? எவ்வளவு நேரமாக நிற்கிறது?

பெயர்தானே.

ஒரு தடவை. திரும்ப மட்டும். பிறகு வெளியே போய், பஸ்ஸில் உட்காரவைத்து, கவி கவி என்று ஆயிரம் தடவை கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம்.

குனிந்து குழந்தையின் காதருகில் போனாள்.

"கனிமொழி" என்றாள்.

குழந்தை இமைத்தாள்.

மெதுவாகத் தலையை இறக்கித் திரும்பினாள். திரும்பும்போது கழுத்தோரம் ஒரு மெல்லிய விரிசல் விட்டது. கன்னத்தின் வெள்ளை விரிந்தது. நெற்றியிலிருந்து ஏதோ, வெங்காயச் சருகு கனத்தில், தூளோடு சேர்ந்து, மடிந்து, மூக்கைக் கடந்து, உதட்டைக் கடந்து, கீழே வழுக்கி இறங்கியது. ஒரு கணம் சட்டைக் காலரில் தொங்கியது. அதில் கவிப்பிரியாவின் வாய் இருந்தது.

அடியில் ஈரமான புது முகம். இடது புருவத்தின் நடுவில், மயிர் முளைக்காத ஒரு கோடு.

"ஏம்மா?" என்றது அது, சிரித்துக்கொண்டு, இரு கையையும் தூக்கி.

அடுக்குகளில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் தாழ்ந்தன. மழை தொடங்கியது.